இடுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் இரவில் கால் துடிக்கிறதா? வகை பிரித்துச் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. பகலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிகிறது, வலியும் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கிறது. ராத்திரி படுத்த பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. கண் செருகும் நேரத்தில் கால் தூக்கிப் போடுகிறது. சிலருக்குத் தொடை வெட்டி வெட்டி இழுக்கிறது. இன்னும் சிலருக்கு இரண்டு காலிலும் சொல்லத் தெரியாத ஒரு குடைச்சல். காலை எங்கே வைத்தாலும் அங்கே இருக்க மாட்டேன் என்கிறது.

எல்லோர் மனதிலும் முதலில் எழும் பயம் ஒன்றுதான்: இந்த உதறலில் புது மூட்டு கழன்றுவிடுமா? பொதுவாக இல்லை. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலைக் குறுக்கே போடுவது, உள்பக்கமாகத் திருகுவது போன்ற நிலைகளுக்குக் கால் போகும்போதுதான் மூட்டு நழுவும் ஆபத்து கூடுகிறது. மல்லாந்து, கால்களுக்கு நடுவே தலையணையோடு படுத்திருக்கும்போது வரும் ஒரு துடிப்பு காலை அவ்வளவு தூரம் கொண்டுபோவதில்லை. மூட்டு உண்மையிலேயே நழுவினால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. அந்த வலியும் காலின் கோணலும் வேறு மாதிரி.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. ‘கால் துடிக்கிறது’ என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது ஐந்து வேறு வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு நல்லதாக இருப்பது இன்னொன்றைக் கூட்டிவிடும். குடைச்சலுக்கு எழுந்து நடந்தால் நிம்மதி. தொடைச் சதை இறுகிப் பிடிப்பதற்கோ, அன்று அதிகமாக நடந்ததே காரணமாக இருக்கலாம். தூக்கம் வரட்டும் என்று சிலர் போடும் சாதாரண அலர்ஜி மாத்திரை குடைச்சலைக் கூட்டிவிடும். அதனால் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பலித்த வைத்தியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில்: இவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

கீழே சொல்பவை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் புதிதாக வீங்கி, சூடாக, நிறம் மாறி, தொட்டால் வலிக்கிறது என்றால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். ஆபரேஷன் செய்த காலில் ஓரளவு வீக்கம் எல்லோருக்கும் இருக்கும். அது பெரும்பாலும் சாயங்காலம் கூடி, காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வற்றும். வற்றாமல் ஏறிக்கொண்டே போகும் வீக்கம்தான் கவலைக்குரியது. இந்த ஆபத்து முதல் சில வாரங்களில் அதிகம், சுமார் 3 மாதம் வரை நீடிக்கும். இதோடு திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்று ஏதாவது சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆம்புலன்ஸ் அழையுங்கள்.

இடுப்பிலோ தொடையிடுக்கிலோ திடீரென்று தாங்க முடியாத வலி, கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது, எடை வைக்கவே முடியவில்லை: இது மூட்டு நழுவியதற்கோ எலும்பு முறிவுக்கோ அடையாளம். நீங்களாக நேராக்கப் பார்க்க வேண்டாம்; அப்படியே படுத்திருந்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது, மரத்துப்போகும் இடம் நாளுக்கு நாள் பரவுவது ஆகியவை நரம்பு சம்பந்தப்பட்டவை. அதோடு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போய், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படவில்லை என்றால் அது அவசர நிலை. காய்ச்சல், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிவது, கூடிக்கொண்டே போகும் சிவப்பு என்றால் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. கால் மட்டுமல்லாமல் கைகளும் உதறுகின்றன, ஆள் குழப்பமாகப் பேசுகிறார், வேர்த்துக்கொட்டுகிறது, அல்லது எழுப்ப முடியாத மயக்கத்தில் மூச்சு மெதுவாக ஓடுகிறது என்றால் அது மருந்தின் விளைவாக இருக்கலாம். இதற்கும் உடனே உதவி தேவை.

படி 1: உங்களுடையது எந்த வகை?

மூன்று கேள்விகள் போதும். எப்போது வருகிறது? எப்படி இருக்கிறது? எது அதை நிறுத்துகிறது? மூன்று நான்கு இரவுகள் தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்து இரண்டு வரி எழுதுங்கள். நேரம், எந்தக் கால், எந்த இடம், என்ன செய்தபோது அடங்கியது, அன்று பகலில் எவ்வளவு நடந்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள். அரைத்தூக்கத்தில் கிறுக்கினாலும் பரவாயில்லை. உடன் படுப்பவர் இருந்தால், நீங்கள் தூங்கும்போது கால் அசைவதை மொபைலில் ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதை விட அந்த வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

அப்புறம் கீழே உள்ளவற்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

*தூக்கத்தின் வாசலில் தூக்கிப் போடுவது.* படியில் கால் தவறியதுபோல ஓர் உணர்வு, உடம்பு குலுங்கும், முழிப்பு வந்துவிடும். இரவில் ஓரிரு முறை, தூங்கத் தொடங்கும்போது மட்டும். இது ஆரோக்கியமானவர்களுக்கும் வருவதுதான். தூக்கம் குறைந்தால், காப்பி கூடினால், மனம் பதற்றமாக இருந்தால் அதிகமாகும். ஆபரேஷனுக்கு முன்பும் உங்களுக்கு வந்திருக்கும். அப்போது வலிக்காததால் கவனித்திருக்க மாட்டீர்கள். இப்போது குலுங்கினால் புண்பட்ட சதையும் சேர்ந்து இழுபடுவதால் தெரிகிறது. இதற்கு வைத்தியம் தேவையில்லை.

*தசை வெட்டி இழுப்பது.* ஆபரேஷன் செய்த காலில் மட்டும். தொடையின் முன்பக்கம், பிட்டம், தொடையிடுக்கு, உள்தொடை ஆகிய இடங்களில். புரண்டு படுக்கும்போதோ காலை நகர்த்தும்போதோ சட்டென்று பிடிக்கும். முதல் வாரங்களில் வரும் துடிப்பில் இதுதான் பெரும்பகுதி, காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. மூட்டை அடைய மருத்துவர் தசைகளை விலக்கிப் பிடிக்கிறார். எந்த வழியாகப் போகிறார் என்பதைப் பொறுத்துச் சிலவற்றைப் பிரித்துத் திரும்பத் தைக்கிறார். பின்பக்க வழியில் பிட்டத்துக்கு அடியிலிருக்கும் சிறு திருகு தசைகள், பக்கவாட்டு வழியில் இடுப்பின் வெளிப்புறத் தசை, முன்பக்க வழியில் தொடை முன்புறத் தசைகள் என்று அடிபடும் இடம் மாறும். இன்னொன்றும் இருக்கிறது. தேய்ந்த மூட்டோடு வருடக்கணக்கில் நொண்டி நடந்ததில் தசைகள் குறுகிப் போயிருக்கும். புது மூட்டு காலின் நீளத்தைச் சரி செய்யும்போது அந்தக் குறுகிய தசைகள் ஒரே நாளில் இழுக்கப்படுகின்றன. புண்பட்ட இடத்தை அசையாமல் காக்க அவை தாமாகவே இறுகுகின்றன.

*கெண்டைச்சதைப் பிடிப்பு.* சதை கல்லாக உருண்டு நிற்கும், சில வினாடியிலிருந்து சில நிமிடம் வரை. மறுநாளும் அந்த இடம் நோகும். இது ஆபரேஷன் ஆகாத காலிலும் வரலாம்; உடம்பின் பாரத்தை இப்போது அதுதானே அதிகம் சுமக்கிறது.

*குடைச்சல்.* மருத்துவர்கள் இதை ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்பார்கள். இதை அடையாளம் காண நான்கு குறிகள்: காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் இருக்கும், சும்மா இருக்கும்போது வரும், அசைத்தால், நடந்தால் குறைந்து, நிறுத்தினால் திரும்ப வரும், சாயங்காலமும் இரவும் மோசமாக இருக்கும். நான்கும் பொருந்தினால் அனேகமாக இதுதான். பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், வலி என்று சொல்ல முடியாது. இது உள்ளவர்களில் பலருக்குத் தூக்கத்தில் கால் உதறுவதும் உண்டு: கட்டைவிரல் நிமிர்ந்து, கணுக்கால் மடங்கி, சில சமயம் முழங்காலும் இழுத்து, ஏறக்குறைய 20 முதல் 40 வினாடிக்கு ஒரு தரம் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். தூங்குபவருக்குத் தெரியாது, காலையில் அசதியாக எழுவார். பக்கத்தில் படுத்தவர்தான் புகார் சொல்வார்.

*மருந்தால் வரும் உதறல்.* பகலிலும் வரும். கை, தோள் எல்லாம் சேர்ந்து வெடுக் வெடுக்கென்று ஆடும், கையில் பிடித்த டம்ளர் நழுவும். புது மாத்திரை தொடங்கிய பிறகோ அளவு கூட்டிய பிறகோ ஆரம்பித்திருக்கும்.

இவை தவிர, எரிச்சலோ மின்சாரம் பாய்ந்தது போன்ற சுரீர் வலியோ, தோலுக்கு அடியில் மெல்லிய துள்ளலோ இருந்தால் அது நரம்பிலிருந்து வரக்கூடும். முன்பக்க வழியில் ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தொடையின் வெளிப்புறத்தில் ஓர் இடம் மரத்திருப்பது சகஜம். முதுகெலும்பில் ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்களுக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை இழுப்பது அங்கிருந்து வரலாம்.

ஒருவருக்கே இரண்டு வகை சேர்ந்திருப்பதும் உண்டு. முன்னிரவில் குடைச்சல், விடியற்காலையில் கெண்டைப் பிடிப்பு என்று. அப்படியிருந்தால் தூக்கத்தை அதிகம் கெடுப்பது எதுவோ அதை முதலில் கவனியுங்கள்.

படி 2: மாத்திரைப் பட்டியலை விரித்துப் பாருங்கள்

என்னைக் கேட்டால், தலையணையை மாற்றுவதற்கு முன்பு இதைத்தான் செய்ய வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் எல்லோர் கையிலும் ஒரு புதுப் பட்டியல் இருக்கிறது. துடிப்பைக் கூட்டுபவை அதில் பல.

குடைச்சலைக் கிளப்பிவிடுபவை: வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின், புரோமெத்தசின், தூக்கத்துக்கோ அரிப்புக்கோ போடும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள், அமிட்ரிப்டிலின், மிர்டசபின் உள்பட மனச்சோர்வு மருந்துகளில் பல. கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரைகளில் பலவற்றில் இருப்பது டைஃபென்ஹைட்ரமின்தான். உறை மேல் சிறிய எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

உதறலைத் தரக்கூடியவை: டிரமடால், மார்ஃபின் வகை வலிமருந்துகள், நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரீகாபலின். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இவற்றில் பல உடம்பில் தேங்குவதால் சாதாரண அளவே அதிகமாகிவிடும். டிரமடாலை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்து எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிடிப்பைக் கூட்டக்கூடியவற்றில் முக்கியமானது, சிறுநீரை அதிகம் வெளியேற்றும் நீர் மாத்திரை.

இனி, பலரையும் ஏமாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். டிரமடால், மார்ஃபின் போன்ற, ஓபியாய்டு எனப்படும் வலிமையான வலிமருந்துகள் குடைச்சலை அடக்கி வைக்கும். அதனால் முதல் இரண்டு வாரம் ஒன்றும் இருக்காது. வலி குறைந்துவிட்டதே என்று ஒரே நாளில் நிறுத்துவார்கள். அன்றிரவோ மறுநாள் இரவோ கால் இரண்டும் ஆட்டம் போடும். கூடவே கொட்டாவி, மூக்கில் நீர், வேர்வை, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை இருந்தால் அது மருந்தை விட்டதன் எதிர்வினைதான். ஆபரேஷனில் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டியதில்லை. குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்துகளில் இது முதல் சில நாட்கள் உச்சத்தில் இருந்து ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். நாள்கணக்காகத் தொடர்ந்து எடுத்தவர்கள் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தவுடன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. சொன்ன நாள் வரை, பலருக்கு அது 35 நாள் வரை, தொடர வேண்டும். மற்றவற்றையும் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

படி 3: படுக்கையைச் சரிசெய்யுங்கள்

மல்லாந்து படுப்பதுதான் முதல் வாரங்களில் பாதுகாப்பு. கால்களுக்கு நடுவே தொடையிலிருந்து கணுக்கால் வரை எட்டும் நீளத் தலையணை. முழங்கால்களுக்கு நடுவே மட்டும் சின்னத் தலையணை வைத்தால் பாதம் உள்பக்கம் சரிந்து இடுப்பு திருகும். அந்தத் திருகலே பிட்டத் தசையை இழுக்க வைக்கும். ஆபரேஷன் ஆகாத பக்கம் ஒருக்களிக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த பிறகும் தலையணை நடுவில் இருக்கட்டும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், உண்மைதான். பத்து நிமிடம் பிடிப்பு தணிய வைக்கலாம். இரவு முழுக்க வைத்தால் இடுப்பு மடங்கிய நிலையிலேயே இறுகிப் போகும், அப்புறம் காலை நேராக நீட்ட மறுக்கும்.

போர்வையை மெத்தையின் கால்மாட்டில் இறுக்கிச் செருகாதீர்கள். அது பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்திக் கெண்டைச்சதையைச் சுருக்கியே வைத்திருக்கும். பிடிப்புக்கு அது அழைப்பு. பாதத்துக்கு மேலே போர்வை தளர்வாக இருக்கட்டும். கட்டில் உயரமும் முக்கியம்: விளிம்பில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலை விடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்த கட்டிலிலிருந்து எழும் ஒவ்வொரு தடவையும் தசை தண்டனை அனுபவிக்கிறது.

கட்டுப்பாடுகள் ஆபரேஷன் செய்த வழியைப் பொறுத்து மாறும். பின்பக்க வழிக்கு மடக்குவதும் குறுக்கே போடுவதும் ஆகாது. முன்பக்க வழிக்குக் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவது ஆகாது. சில மருத்துவர்கள் கட்டுப்பாடே சொல்வதில்லை. உங்களுக்குச் சொன்னது எதுவோ அதுவே சட்டம்.

படி 4: பகலையும் மாலையையும் ஒழுங்குபடுத்துங்கள்

ராத்திரித் துடிப்பில் பாதி பகலில் தீர்மானமாகிறது. உற்சாகத்தில் ஒரே மூச்சாக அரைமணி நேரம் நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மோசமான சேர்க்கை. ஐந்து பத்து நிமிட நடையாகப் பலமுறை பிரித்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக முக்கால் மணிக்கு மேல் உட்கார வேண்டாம். நோட்டைப் புரட்டினால், அதிகம் நடந்த நாள் இரவில் வெட்டி இழுப்பது கூடியிருக்கிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிசியோ சொன்ன பயிற்சிகளில் கடினமானவற்றைக் காலையிலோ மதியத்திலோ முடியுங்கள். படுப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் மூன்று மட்டும் போதும்: கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது 20 முறை, முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தித் தொடையை இறுக்கி 5 வினாடி வைத்து விடுவது 10 முறை, பிட்டத்தை அதேபோல் இறுக்கி விடுவது 10 முறை. வலிக்க வலிக்கச் செய்வதில் லாபமில்லை.

வலி மாத்திரையின் நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் போட்டால் அதன் வேகம் குறையும்போதுதான் நீங்கள் தூங்கப் போகிறீர்கள். ஒரு நாளைய மொத்த அளவை மாற்றாமல், கடைசி வேளையைப் படுப்பதற்கு அரைமணி முன்பு வருமாறு நகர்த்த முடியுமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்ற முடியுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

படுக்கும் முன் துணி சுற்றிய ஐஸ் பையைத் தொடை மேலும் இடுப்பின் பக்கவாட்டிலும் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். கட்டு நனையக் கூடாது. வெட்டி இழுப்பதற்கு இது நல்ல பலன் தரும். சூடான ஒத்தடம் கெண்டைக்காலுக்குச் சரி. காயத்தின் பக்கத்தில் வேண்டாம். மரத்துப்போன தோலில் சூடு பட்டாலும் தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

காப்பி, டீ மதியத்தோடு சரி. மது குடைச்சலைக் கூட்டும், வலிமருந்தோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. தண்ணீரைப் பகல் முழுக்கப் பரவலாகக் குடித்து, கடைசி இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் தங்களுக்குச் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். பகல் தூக்கம் அரைமணிக்கு மேல் போனால் இரவில் அதற்கு விலை உண்டு.

படி 5: நடுராத்திரியில் துடிக்கும்போது

வெட்டி இழுத்தால் காலை அடக்கப் போராடாதீர்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அடியில் தலையணை கொடுத்துக் காலைத் தாங்குங்கள். அப்புறம் எதிர்த்தசையை வேலைக்கு அழைக்க வேண்டும். ஒரு தசையை இறுக்கும்போது அதற்கு எதிரே இருக்கும் தசை தளர்வது நரம்பு மண்டலத்தின் இயல்பு. தொடையிடுக்கும் தொடையின் மேற்பகுதியும் பிடித்தால் பிட்டத்தை மெதுவாக இறுக்கி விடுங்கள். பின்தொடை பிடித்தால் முழங்காலை மெத்தையில் அழுத்துங்கள். ஐந்து வினாடி இறுக்கம், பத்து வினாடி தளர்வு, ஐந்தாறு முறை. முழுப் பலத்தில் கால்வாசி போதும்.

கெண்டைக்கால் பிடித்தால் எல்லோரும் அனிச்சையாகச் செய்வது, எழுந்து உட்கார்ந்து குனிந்து கட்டைவிரலைப் பிடித்து இழுப்பது. இப்போது அதைச் செய்யவே கூடாது. இடுப்பு 90 டிகிரியைத் தாண்டி மடங்கும், வலியின் அவசரத்தில் வேகமாகவும் மடங்கும். பதிலாக, நீளமான துண்டு ஒன்றைத் தலைமாட்டில் தயாராக வையுங்கள். சாய்ந்த நிலையிலேயே அதைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை நீட்டி, விரல்கள் உங்களை நோக்கி வரும்படி மெல்ல இழுங்கள். பாதத்தில் மாட்டக் குனிய வேண்டியிருந்தால் உடனிருப்பவர் உள்ளங்காலை முழங்காலை நோக்கித் தள்ளட்டும். எழ முடிந்தால் வாக்கரைப் பிடித்து நின்று, குதிகாலைத் தரையில் அழுத்தினாலும் விடும். அப்புறம் தடவிக்கொடுக்கலாம், கால் வீங்கியிருந்தால், ரத்தக்கட்டு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை பிசைந்து தேய்க்க வேண்டாம்.

குடைச்சல் வந்தால் படுத்தே சமாளிக்கப் பார்ப்பது வீண். எழுந்து ஐந்து பத்து நிமிடம் வாக்கரோடு நடங்கள். எழ முடியாதவர்கள் கணுக்காலை வேகமாக அசைக்கலாம், சொரசொரப்பான துணியால் காலைத் தேய்க்கலாம், குளிர்ந்த துணியையும் வெதுவெதுப்பான துணியையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். மனதை ஈர்க்கும் வேலையும் நிஜமாகவே உதவும்: குறுக்கெழுத்து, கணக்குப் புதிர், சுவாரசியமான பேச்சு. சும்மா டிவி பார்ப்பது அவ்வளவு உதவாது, மூளைக்கு வேலை இருந்தால்தான் குடைச்சல் பின்வாங்கும்.

எழும்போது அவசரம் கூடாது. வலிமருந்து, அரைத்தூக்கம், இருட்டு மூன்றும் சேர்ந்தால் விழுவதற்கு வேறெதுவும் வேண்டாம். புது மூட்டுக்குத் துடிப்பை விடப் பெரிய எதிரி அந்த விழுதல்தான். முதலில் விளக்கு. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு நிமிடம். தலை சுற்றவில்லை என்றால் வாக்கர். தரையில் மிதியடியோ ஒயரோ கிடக்கக் கூடாது, இதைப் படுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 6: குடைச்சல் என்றால் இரும்புச்சத்தைப் பாருங்கள்

இடுப்பு மாற்றில் ரத்த இழப்பு உண்டு. ரத்தத்தோடு இரும்பும் போகிறது. மூளையில் இரும்பு குறைவதற்கும் குடைச்சலுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பு காலியாகி இருக்கலாம், அதனால் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையைக் கேளுங்கள். சாதாரணமாக ஆய்வகம் 20, 30 இருந்தாலே ‘சரி’ என்று அச்சடித்துவிடும். குடைச்சல் உள்ளவர்களுக்கு அந்த அளவு போதாது. 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுக்கலாம் என்பதே தூக்க மருத்துவர்களின் நடைமுறை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் எடுத்தால் சேமிப்பு இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஆகவே டிரான்ஸ்ஃபெரின் செறிவையும், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஃபெரிட்டின் நன்றாகத் தெரிந்தாலும் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது நல்லது.

பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்காதீர்கள். சிலர் உடம்பில் இரும்பு ஏற்கெனவே அதிகமாகத் தேங்கும். மருத்துவர் தந்தால், டீ, காப்பி, கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல் எடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் உடம்பு நன்றாக உறிஞ்சுகிறது, வயிறும் கொஞ்சம் தப்பிக்கும். வலிமருந்தால் ஏற்கெனவே மலச்சிக்கலில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரமென்றால் ரத்தநாளம் வழியாக ஏற்றுவதும் உண்டு.

படி 7: மாத்திரை கேட்கும் முன்

கால் பிடிப்பு என்றால் எல்லோரும் மெக்னீசியம் சொல்வார்கள். வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்கு அது குறிப்பிடத்தக்க பலன் தருவதாகத் தெரியவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு சொல்கிறது. ரத்தத்தில் மெக்னீசியமோ பொட்டாசியமோ உண்மையில் குறைந்திருந்தால் அது வேறு கதை, பரிசோதித்துவிட்டு எடுங்கள். குயினைன் வேண்டவே வேண்டாம். பிடிப்புக்கு அதைப் பயன்படுத்துவதை எதிர்த்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006லேயே நடவடிக்கை எடுத்தது. ரத்தத் தட்டுக்களையும் இதயத் துடிப்பையும் அது பாதிக்கக்கூடும்.

தசை தளர்த்தும் மாத்திரைகள் வெட்டி இழுப்பதற்குச் சில நாட்கள் கைகொடுக்கலாம். ஆனால் மயக்கம் தரும், விழும் ஆபத்தைக் கூட்டும். குடைச்சல் நீடித்தால் இப்போது பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது கபாபென்டின் குடும்பம். முன்பு தாராளமாகத் தந்த பிரமிபெக்சோல், ரோபினிரோல் நாளடைவில் குடைச்சலை இன்னும் மோசமாக்கிவிடுவதால் அவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2025 வழிகாட்டுதல் சொல்கிறது. கபாபென்டின் வகையை ஓபியாய்டோடு சேர்த்தால் மூச்சு மந்தமாகலாம். வயதானவர்களும் நுரையீரல் நோயாளிகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய சீட்டில் மீந்ததை எடுத்துப் போடுவது இங்கே விபரீதம்.

எவ்வளவு நாள் பொறுப்பது?

தசை வெட்டி இழுப்பது பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறையும். வாரம் வாரம் குறைகிறதா என்பதைப் பாருங்கள்; ஒரே இரவு மோசமானால் பொருட்படுத்த வேண்டாம். ஆறு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தாலோ, குறைந்தது திரும்ப ஏறினாலோ அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் போங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் காலைத் தூக்கும்போது, காரில் ஏறும்போது தொடையிடுக்கில் பிடித்தால், இடுப்பை மடக்கும் தசையின் நார், செயற்கை மூட்டின் கிண்ணப் பகுதியின் விளிம்பில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். இரண்டு காலின் நீளம், முதுகுத் தேய்மானம் ஆகியவற்றையும் அப்போது அளந்து பார்ப்பார்கள்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் ‘கால் துடிக்குது டாக்டர்’ என்று நிறுத்திவிடாதீர்கள். ‘ஆபரேஷன் முடிந்து நாலாவது வாரம். இரண்டு காலிலும், ராத்திரி பத்து மணிக்கு மேல். எழுந்து நடந்தால் போகிறது, படுத்தால் வருகிறது. டிரமடாலை நிறுத்திய மறுநாள் ஆரம்பித்தது. ஃபெரிட்டின் இன்னும் பார்க்கவில்லை’ என்று சொல்லி, நோட்டையும் வீடியோவையும் மாத்திரை உறைகளையும் மேசை மேல் வையுங்கள்.